சந்தனம் பூசிய சுவிச்

எங்கள் காரின் நாலு ஷட்டரும் ஒரே கிழமையில் செத்துப்போயின. ஷட்டர் என்று இங்கே சொல்வது கதவுக் கண்ணாடியை. பொத்தானை அமத்தினால் தானாக ஏறி இறங்கும் கண்ணாடிக்குப் பவர் ஷட்டர் என்று பெயர். அந்தப் பழைய காரை எங்கள் தலையில் கட்டியவன் அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் கட்டினான். இப்போது பவர் போய்விட்டது, ஷட்டர்கள் ஏறியபடியே நின்றுவிட்டன. அதற்காக இந்தத் திருகோணமலையிலேயே சந்தோசப்பட்ட ஒரே மனிதர் என் கணவர்தான்.

ஏன் சந்தோசப்பட்டார் என்பதை அவருடைய கண்ணில் இருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய இடது கண்ணை முக்கால்வாசி தின்றுவிட்டது. மற்றக் கண்ணும் மங்கல். கிளினிக்கில் டொக்டர், "ஐயா, இனி நீங்கள் வாகனம் ஓட வேண்டாம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் இவர், "அது நேற்றுப் படிச்சு முடிச்ச பொடியன், அவனுக்கென்ன தெரியும்" என்றார். அந்தக் கிழமையே எங்கள் சொந்தக் கேற்றில் காரின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டு போய், கேற் வைத்த மேசனைத் திட்டினார். அடுத்ததாகச் சந்தியில் ஒரு மாடு நின்றது. மாட்டுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தபடியால் அது விலகிக்கொண்டது. அன்று பின்னேரம் கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு குசினி மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

எனக்கு லைசன்ஸ் இருக்கிறது. கலியாணத்துக்கு முன்னமே எடுத்தது. அதை அவர் ஒருநாளும் வாகனம் ஓடுவதற்கான அத்தாட்சியாக மதித்ததில்லை. "அடையாள அட்டை துலைஞ்சா உதவும், வைச்சிரும்" என்பார். அந்த லைசன்சோடு நான் சாரதி ஆசனத்தில் ஏறினேன். அவர் இடது பக்கம் ஏறினார். ஏறினாரே தவிர, அந்தப் பக்கத்துக் கதவு அவருக்குச் சிறைக் கதவு மாதிரி.

நான் ஓடலாம், ஆனால் நான் ஓடுவது ஊருக்குத் தெரியக்கூடாது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. துறைமுகத்தில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், ஒரு பொம்பிளை ஏற்றி இறக்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்று சனம் கதைக்குமாம். அதுவும் எந்தச் சனம் தெரியுமா? அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஐந்து பேர், பின்னேரங்களில் உட்துறைமுகக் கரையில் ஒரு சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்து உலகத்தை நடத்துவார்கள். எந்த நாட்டில் எவன் சண்டை தொடங்க வேண்டும், எவன் பதவி விலக வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். முடிவெடுத்த களைப்பில் கடலை வாங்கிக் கொறிப்பார்கள். இவர் பயந்தது அந்த ஐந்து பேருக்குத்தான்.

ஆகவே ஷட்டர்கள் எப்போதும் மேலேயே இருக்கும். வெயிலுக்கென்று முந்தி ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர் இப்போது மானம் காக்கிற வேலைக்கு மாறியது. முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லாதபடியால், தெரிந்த ஆள் எதிரே வந்தால் அவர் காலடியில் எதையோ துலைத்தவர் மாதிரிக் குனிவார். ஏசி எப்போதோ செத்துப்போன கார் அது. மூடிய காருக்குள் குனிந்து நிமிர்ந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். "கொஞ்சம் இறக்குங்கோவன்" என்றால், "தூசி" என்பார்.

கரைக்குப் போகிற நாட்களில் இரண்டு சந்து முன்னாலேயே ஒரு ஒழுங்கையில் காரை நிறுத்தச் சொல்வார். இறங்கி, குனிந்து, "திறப்பைத் தாரும்" என்பார். முதல் நாள் எனக்கு விளங்கவில்லை, கொடுத்துவிட்டேன். அதைச் சுட்டுவிரலில் கொழுவிச் சுழற்றிக்கொண்டு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே நடந்துபோய் ஒரு மதில் ஓரமாக நின்று கேட்டேன். "காரை அங்கால நிழலில விட்டிட்டு வந்தனான்" என்று, யாரும் கேட்காமலே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிழலில் நான் ஒரு மூட்டை மாதிரி அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அவருடைய மானம் விரலில் சுற்றியது, எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. வீட்டுக்கு வந்ததும் நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்கத்தான் நினைத்தேன். சாப்பிடும்போது அவர் சோற்றுக் கோப்பையில் கறியைத் தடவித் தேடுவதைப் பார்த்ததும், கேட்க வந்ததை விட்டுவிட்டுக் கறியை அவர் விரலடியில் தள்ளிவைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஷட்டர்கள் செத்தன. முதலில் என் பக்கம், பிறகு பின்னால் இரண்டும், கடைசியாக அவர் பக்கம். திருத்த வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் அள்ளி வீசிய காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். கடலோரத்துக் காருக்கு மூடிய கண்ணாடிதான் நல்லதாம், உப்புக்காற்று உள்ளே வந்தால் சீற் பழுதாகுமாம். கராஜில் கதவைக் கழற்றினால் பழையபடி பொருந்தாதாம். போதாததற்கு, ஷட்டரை இறக்கி ஏற்றினால் மோட்டர் தேயும், ஆகவே பாவிக்காமல் வைத்திருப்பதுதான் அதற்கு ஆயுள் என்றார். செத்துப்போன சாமானுக்கு ஆயுள் பார்த்த மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

தம்பலகாமத்தில் அவருடைய தங்கச்சியின் மகன் வீடு கட்டிப் புகும் குடிபூரல். போய்விட்டுத் திரும்பும்போது கண்டி வீதியில் யானை இறங்கி நின்றது. வாகனங்கள் வரிசையாக நின்றுவிட்டன. பஸ்சில், வானில், லொறியில் இருந்த சனமெல்லாம் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒருவரோடு ஒருவர் கதைத்து, வெற்றிலை மாற்றி, கலியாண வீடு மாதிரி இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கறுப்புக் கண்ணாடிக்குள் புட்டு அவிகிற மாதிரி அவிந்துகொண்டிருந்தோம்.

"கதவையாவது திறப்பம்" என்றேன்.

"யானை நிக்குது, உமக்கென்ன விசரா?" என்றார்.

யானை வெகு தூரத்தில் ஒரு கல்லுப் போலத் தெரிந்தது. அது காரணம் அல்ல என்பது எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. அவருடைய கதவோடு ஒட்டினாற்போல ஒரு மோட்டர்சைக்கிள் நின்றது. அதில் இருந்தவர் ஒருகாலத்தில் இவருக்குக் கீழே வேலை செய்த ஆள். எங்கள் கறுப்புக் கண்ணாடி அவருக்கு முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிவைத்து, பொக்கற்றில் இருந்து சீப்பை எடுத்து, இவருடைய மூக்குக்கு நேரே நின்று ஆறுதலாகத் தலை சீவினார். மீசையையும் தடவிவிட்டார், பல்லையும் பார்த்தார். உள்ளே என் கணவர், ஒரு சாண் தூரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தால், அவருடைய முகம் வெளிறி, உதடு காய்ந்து, சேட் முழுக்க நனைந்திருந்தது. நான் என் பக்கக் கதவில் கையை வைத்தேன். "திறவாதேயும்" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை குளிர்ந்து போயிருந்தது. மோட்டர்சைக்கிள் போன பிறகுதான் கதவைத் திறக்க விட்டார். வீட்டுக்கு வந்ததும் சத்தி எடுத்தார், சாப்பிடாமல் படுத்தார். எனக்குப் பயமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மானத்துக்காக ஒருவர் தன்னைத் தானே அவித்துக்கொள்ளட்டும். என்னையும் சேர்த்து அவிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? விடிந்ததும் கிண்ணியாவுக்குப் போய் ஷட்டரைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

வரமாட்டேன் என்றவர், நான் திறப்பை எடுத்ததும் சேட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினார். பொம்பிளை தனியப் போனால் கராஜ்காரன் ஏமாற்றிவிடுவானாம். கிண்ணியாவில் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை என்பதால், அந்த ஊர்ப் பாலம் தாண்டியதும் குனிவதை நிறுத்தி நெஞ்சை நிமிர்த்தி இருந்தார்.

கிண்ணியாவில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிற பாஸ், அதாவது மேஸ்திரி, வாய் ஓயாத மனிதர். என் பக்கத்துப் பொத்தானை இரண்டு தரம் அமத்தினார், கதவில் காதை வைத்துக் கேட்டார், உடனே தீர்ப்புச் சொன்னார்.

"நாலு மோட்டரும் பத்தி எரிஞ்சு போய்ட்டு அக்கா. கொழும்புல இருந்துதான் எடுப்பிக்கணும்."

"நாலும் ஒரே கிழமையில ஏன் பத்தினது?" என்று கேட்டேன். "தங்களுக்குள்ள பேசி வைச்சுக்கொண்டோ?"

"பழைய கார் அக்கா, அப்பிடித்தான்."

"நான் சொன்னனானே," என்றார் என் கணவர், முகமெல்லாம் மலர்ந்து. "இது செய்ய ஏலாது. தம்பி விசயம் தெரிஞ்ச ஆள்."

இரண்டு பேரும் கண் மூடித் திறப்பதற்குள் சிநேகிதமாகிவிட்டார்கள். இவர் துறைமுகத்தில் தான் கண்ட கப்பல்களின் மோட்டர்களைப் பற்றிச் சொல்ல, அவர் தான் திருத்திய பஸ்களைப் பற்றிச் சொல்ல, என் கார் வெயிலில் நின்றது. எனக்குப் பொறுமை இல்லை. "ஒரு மோட்டரையாவது கழட்டிக் காட்டுங்கோ. பத்தியிருந்தால் நான் பேசாமல் போறன்" என்றேன். பாஸ் வேண்டாவெறுப்பாக என் பக்கக் கதவின் உள் அட்டையைக் கழற்றி, பற்றரியில் இருந்து நேரே வயர் இழுத்து மோட்டரில் தொட்டார். கண்ணாடி சர்ரென்று கீழே இறங்கியது.

"பாத்தீங்களா, மோட்டர் நல்லா இரிக்கி," என்றார் பாஸ், கொஞ்சமும் கூசாமல். "நான் அப்பவே நினைச்சன்."

என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

மோட்டர் நல்லது என்றால் பிழை சுவிச்சில். நாலு கண்ணாடிக்கும் கரண்ட், சாரதிப் பக்கக் கதவில் இருக்கிற பெரிய சுவிச்சுக்குள்ளால்தான் போகிறது. அது படுத்தால் நாலும் படுக்கும். பாஸ் அதைக் கழற்றித் திறந்தார். திறந்தவர், அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்து முகர்ந்து பார்த்தார். உள்ளே மஞ்சளாக, கட்டியாக, இடைக்கிடை சிவப்பாக எதுவோ குழைத்து ஊற்றிக் காயவிட்ட மாதிரி இருந்தது. செம்புத் தகடுகள் பச்சை பிடித்துக் கிடந்தன.

"இது என்ன அக்கா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சந்தனம், அதன் மேல் குங்குமம்.

நவராத்திரி முடிவில் ஆயுத பூசைக்கு எல்லாரும்தான் வாகனத்துக்குச் சந்தனம் வைப்பார்கள். ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, முன் பக்கத்தில் ஒரு பொட்டு, சக்கரத்துக்கடியில் தேசிக்காயை நசித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் கணவருக்கு அது போதாது. நாலு கதவுச் சுவிச்சுக்கும், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக அருள் வேண்டும். மேசன் சாந்து பூசுகிற மாதிரிக் குழைத்து, பெருவிரலால் இடுக்குக்குள் அமத்திவிடுவார். அதிலும் எந்தக் கண்ணாடியும் தன் கையால்தான் ஏறி இறங்கவேண்டும் என்று, பெரிய சுவிச்சுக்கு எல்லாவற்றையும் விடக் கூடுதலாக அமத்துவார். துடைக்கவும் விடமாட்டார், துடைத்தால் தரித்திரமாம். போன வருசம் கண்ணாடிகள் முக்கி முக்கி ஏறின. அதற்கு மருந்தாக அந்த முறை இரண்டு மடங்கு வைத்தார். கடவுளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்போது, எங்கள் காரின் பொத்தானுக்குள் அவரைக் குடியிருத்தப் பார்த்தார்.

"உப்புக்காத்து," என்றார் என் கணவர், எட்டிப் பார்த்துவிட்டு.

"உப்புக்காத்து குங்குமமும் பூசுமோ?" என்று கேட்டேன்.

அவர் வீதியில் போகிற லொறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பாஸ் பிரஷால் உரசத் தொடங்கியவர், சட்டென்று நிறுத்தினார். "இது கோயில் சாமான் இல்லையா அக்கா? நிலத்துல கொட்டப்படாதே" என்றார். ஒரு பழைய பேப்பர்த் துண்டை விரித்து, காய்ந்த கட்டிகளை அதில் சுரண்டி, மடித்து, இரண்டு கையாலும் என் கணவரிடம் கொடுத்தார். மனிதர் அதை வாங்கி, பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அதில் பாதி செம்புக் களிம்பு. நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

சுவிச்சைப் பெற்றோல் விட்டுக் கழுவி, தகடுகளை அரத்தாளால் தேய்த்துப் பூட்டியதும் மூன்று கண்ணாடி ஓடின. அவருடைய பக்கம் மட்டும் பாதியில் இறங்கிச் சரிந்து நின்றது. மாதக்கணக்காக ஏற்றியே வைத்திருந்ததில் ஓரத்து றப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுவிட்டதாம். பாஸ் அந்தக் கதவையும் கழற்றி, றப்பரைப் பிரித்து அழுக்கெடுத்து, தண்டவாளத்துக்குக் கிறீஸ் பூசினார். அது வேலை செய்தபோது என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி கீழே போகப் போக, அவரும் ஆசனத்தில் கீழே போனார்.

ஆனால் பின்னேரம் திரும்பும்போது கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்ததே, அதை அவரால் வெறுக்க முடியவில்லை. நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தேன். அவருடைய மிச்சத் தலைமயிர் எழும்பி நின்றது. கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். "வள்ளங்கள் நிக்குதோ?" என்று கேட்டார். "ஓம், நிக்குது" என்றேன். எத்தனை, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். அந்தக் கொஞ்ச நேரம் நான் அவரோடு சந்தோசமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சீனக்குடா தாண்டி ஊர் நெருங்கியதும் சந்தோசம் முடிந்தது. அவர் தன் கண்ணாடியை ஏற்றினார். நான் என் பக்கத்துச் சுவிச்சால் அதை இறக்கினேன். அவர் ஏற்றினார், நான் இறக்கினேன். "மோட்டர் பத்தப் போகுது" என்று கத்தினார். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் விளையாடாமல் இருக்க, சாரதிப் பக்கத்தில் ஒரு பூட்டுப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அமத்தினால் மற்ற எந்தச் சுவிச்சும் வேலை செய்யாது. கண்ணாடியை அடிமட்டும் இறக்கிவிட்டு அதை அமத்தினேன். அவர் தன் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தார், கண்ணாடி அசையவில்லை.

"இஞ்சாரும், விளையாடாதேயும். ஏத்தும்."

"நீங்கள் நேற்று என்ர கையைப் பிடிச்சீங்களே, அந்தக் கை எப்பிடிக் குளிர்ந்து கிடந்தது தெரியுமோ? இனி உந்தக் கண்ணாடி ஏறாது" என்றேன்.

வழமையாக அவரை இறக்கும் ஒழுங்கை வந்தது. நான் நிறுத்தவில்லை. "ஒழுங்கை போகுது, ஒழுங்கை போகுது" என்றார். போகட்டும் என்று விட்டு நேரே கரைக்குத் திருப்பினேன். கரை எங்கள் இடது பக்கம், அதாவது அவருடைய பக்கம். ஐந்து பேரும் வழமைபோலச் சீமெந்துக் கட்டில் இருந்தார்கள். அவர் குனியப் பார்த்தார். பெல்ற் இழுத்துப் பிடித்தது. நான் காரை ஊரவிட்டு, அவர்களுக்கு நேரே நிறுத்தினேன்.

ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்து பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

எனக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. "பார்த்தீங்களா? உங்களை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கேல்லை. இதுக்குத்தானே இவ்வளவு நாளும் என்னை அவிச்சனீங்கள்" என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். தப்பிவிட்ட முகமாக அது இல்லை. யாருக்கும் வேண்டாத ஆளாகிவிட்டவரின் முகமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் மனிதரைப் பார்த்துச் சிரிக்கட்டும், பகிடி பண்ணட்டும், ஆனால் பார்க்காமல் மட்டும் இருக்கக்கூடாது. கோர்னை அடித்தேன்.

அவர்கள் திரும்பவில்லை. இன்னொரு தரம், நீட்டி அடித்தேன். கடலைக்காரன் திரும்பினான். ஓட்டோவுக்குள் படுத்திருந்தவன் எழும்பிப் பார்த்தான். அந்த ஐந்து பேர் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், நாள்கணக்காக அசையாமல் நிற்கிற ஒரு கப்பலைத் தவிர ஒன்றும் இல்லை. பின்னால் நாலு அடியில் கோர்ன் கத்தினால் செவிடன்கூடத் திரும்புவான். கழுத்தை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் இருக்க வேண்டுமென்றால், அவர்களுக்கு எங்கள் கார் வந்தது தெரியும். ஒழுங்கையில் நான் இறக்கிவிடுவது தெரியும். அவருக்குக் கண் போனதும் எப்போதோ தெரியும். தங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் ஒவ்வொரு பின்னேரமும் இப்படித்தான் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் பக்கம் திரும்பினேன். அவருக்கும் விளங்கிவிட்டது. பெல்ற்றைத் தானே தடவித் தேடிக் கழற்றினார். பிறகு அந்த ஜன்னலால் தலையையும் தோளையும் வெளியே நீட்டினார்.

"டேயப்பா, இஞ்சால திரும்புங்கோடா," என்றார். குரல் கரகரத்தது. "எனக்குக் கண் தெரியேல்ல. இப்ப இவதான் ஓடுறா."

அத்தனை கழுத்தும் ஒரேயடியாகத் திரும்பின.